மருத்துவக் கருவிகளும் மனிதக் காரணிப் பொறியியலும்: இதை ஒரு தொழிலாகக் கொள்ள முடியுமா?

கேள்வி, 2024 பிப்ரவரி 3

கோவையில் பயோமெடிக்கல் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். வகுப்பில் பெரும்பாலோர் ஐடி நிறுவனங்களின் வளாகத் தேர்வுக்குத் தயாராகிக் கொண்டிருக்கிறார்கள். மருத்துவக் கருவிகளை மனிதர்கள் தவறு நேராமல் கையாளும்படி வடிவமைக்கும் ‘ஹியூமன் ஃபேக்டர்ஸ்’ என்ற துறையைப் பற்றி ஒரு சிறப்புரையில் கேட்டதிலிருந்து எனக்கு அதில் ஈடுபாடு வந்திருக்கிறது. ஆனால் என் பேராசிரியர், அது யூஎக்ஸ் (ஆப், இணையதளம் போன்றவற்றைப் பயன்படுத்துபவருக்கு எளிதாக வடிவமைக்கும்) வேலைக்கு வைத்த வேறு பெயர் என்கிறார். செவிலியருக்கு ஒழுங்காகப் பயிற்சி கொடுத்தால் முடிந்துவிடும் விஷயத்துக்கு ஒரு பொறியாளர் எதற்கு என்றும் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தத் துறையில் இருப்பவர்கள் யாரேனும் சொல்ல முடியுமா?

2024 பிப்ரவரி 3, இரவு

பத்தாண்டுகளுக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறேன். அதற்கு முன் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பயோமெடிக்கல் பொறியாளராக இருந்தேன். இரண்டு பக்கத்தையும் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

யூஎக்ஸ் என்ற கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உணவு வரவழைக்கும் ஆப்பில் ஒரு பொத்தான் தவறான இடத்தில் இருந்தால் வாடிக்கையாளர் எரிச்சலடைவார். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு பொத்தான் தவறான இடத்தில் இருந்தால், அதை அழுத்தியவருக்கு ஒன்றும் ஆகாது. ஒன்றும் அறியாமல் படுத்திருப்பவருக்கு ஆகும். பயன்படுத்துபவர் ஒருவர், பாதிக்கப்படுபவர் வேறொருவர் என்ற இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் எங்கள் வேலை முழுவதும் கிளைக்கிறது.

பயிற்சி பற்றிய கேள்வி கனமானது. அதற்கு அவசரமாகப் பதில் எழுத விரும்பவில்லை.

2024 பிப்ரவரி 4

பதில் எழுதுமுன் ஒரு நிகழ்வைச் சொல்ல வேண்டும். நான் இந்தத் துறைக்கு வந்ததற்கு அதுதான் காரணம்.

2012இல் எங்கள் ஐசியூவில் ஒரு நோயாளிக்கு இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க நோர்அட்ரினலின் மருந்து சிரிஞ்ச் பம்ப் வழியாக ஓடிக்கொண்டிருந்தது. இரவு 8 மணிக்கு 50 மில்லி சிரிஞ்சைப் பொருத்தி, மணிக்கு 5 மில்லி என்று வேகம் வைத்திருந்தார் பணியில் இருந்த சிஸ்டர். காலை 6 மணி வரை வர வேண்டும் என்பது எளிய கணக்கு. ஐந்தே முக்காலுக்கு அடுத்த சிரிஞ்சைத் தயார் செய்யலாம் என்று அவர் எண்ணியிருந்தார். ஆனால் 5:20க்கே மருந்து தீர்ந்துவிட்டது. முடியப்போகிறது என்ற அலாரம் அடித்தபோது அவர் வேறொரு நோயாளிக்குச் சளி உறிஞ்சிக்கொண்டிருந்தார். புதிய சிரிஞ்சைக் கலந்து பொருத்துவதற்குள் நோயாளியின் இரத்த அழுத்தம் விழுந்துவிட்டது. நல்லவேளையாக அவர் மீண்டுவிட்டார்.

காலையில் பம்பைச் சோதித்தது நான். சிரிஞ்ச் பம்ப் மருந்தை அளந்து பார்ப்பதில்லை. சிரிஞ்சின் தண்டை நிமிடத்துக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று தள்ள மட்டுமே செய்கிறது. உள்விட்டம் என்ன என்பதை, திரையில் தேர்ந்தெடுக்கப்பட்ட சிரிஞ்ச் பிராண்டை வைத்து அதுவாகவே கணக்கிட்டுக்கொள்கிறது. பம்பில் 28 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிராண்ட் தேர்வாகியிருந்து, பொருத்திய சிரிஞ்சின் விட்டம் 29 ஆக இருந்தால், விட்டத்தின் வர்க்கத்தில் கணக்கு ஓடுவதால் ஏறத்தாழ 7 விழுக்காடு மருந்து கூடுதலாகப் போகும். பத்து மணி நேரத்தில் அது நாற்பது நிமிடம். எங்கள் மருத்துவமனையில் அந்த மாதம் கொள்முதல் பிரிவு சிரிஞ்ச் பிராண்டை மாற்றியிருந்தது. பம்ப்போ ஒவ்வொரு முறை அணைத்து இயக்கும்போதும் பட்டியலின் முதல் பிராண்டுக்கே திரும்பிவிடும். அதைத் திரையின் மூலையில் மிகச் சிறிய எழுத்தில் காட்டும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு சர்வீஸ் ரிப்போர்ட்டில் நான் என் கையால் எழுதிய வரி இது: “கருவியில் பழுதில்லை. பயன்படுத்தியவரின் தவறு.” அந்த வரியை வைத்து அந்த சிஸ்டருக்கு மெமோ கொடுத்தார்கள்.

2024 பிப்ரவரி 4, சற்று நேரம் கழித்து

நேற்று எழுதியதை இன்றைய நிகழ்வோடு சேர்த்துப் படித்தால் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. “அழுத்தியவருக்கு ஒன்றும் ஆகாது” என்று எழுதியிருந்தேன். அது சரியில்லை. அந்த சிஸ்டருக்கு ஆனது. ஒரு மெமோவும், அதன் பிறகு எந்தப் பம்பைத் தொடும்போதும் வந்த தயக்கமும் அவருடனேயே இருந்தன.

எங்கள் துறைக்கான பன்னாட்டுத் தரநிலை ஐஇசி 62366-1. 2015இல் வெளிவந்து 2020இல் திருத்தப்பட்டது. அதில் நான் முதன்முதலில் கற்றது ஒரு சொல்தான். ஆங்கிலத்தில் ‘யூசர் எரர்’ என்று நாம் பழகிய தொடரை அந்தத் தரநிலை கையாள்வதில்லை. ‘யூஸ் எரர்’ என்கிறது. தமிழில் சொன்னால் முன்னது பயன்படுத்துபவரின் பிழை, பின்னது பயன்பாட்டில் நேரும் பிழை. முதல் சொல்லை எழுதினால் விசாரணை அங்கேயே முடிந்துவிடும், ஏனென்றால் ஆள் கிடைத்துவிட்டார். இரண்டாவது சொல்லை எழுதினால், ஏன் நேர்ந்தது என்ற கேள்வி எழுந்தே தீரும்.

இந்தச் சிந்தனை பழையது. 1943இல் அமெரிக்காவில் பி-17 போர் விமானங்கள் தரையிறங்கிய பின், விமானிகள் இறக்கைமடலை மடக்குவதற்குப் பதிலாகச் சக்கரங்களை மடக்கிவிடுவது திரும்பத் திரும்ப நடந்தது. அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தபோது, இரண்டுக்கும் ஒரே மாதிரியான விசைகள் அடுத்தடுத்து இருந்தன. சக்கர விசையில் ஒரு சிறு ரப்பர் சக்கரத்தையும் மற்றதில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தியதும் பிரச்சினை தீர்ந்தது. விமானிகளில் ஒருவரையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

2024 பிப்ரவரி 7

இப்போது பயிற்சி பற்றி.

மருத்துவக் கருவிகளின் அபாய மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 14971 தரநிலை, அபாயத்தைக் குறைக்கும் வழிகளை ஒரு வரிசையில் வைக்கிறது. முதலில், அபாயமே எழாதபடி வடிவமைக்க வேண்டும். அது முடியாதபோது பாதுகாப்பு ஏற்பாடு வைக்க வேண்டும். கையேடும் எச்சரிக்கை வாசகமும் பயிற்சியும் கடைசியில்தான் வருகின்றன. அவை கடைசியில் இருப்பதற்குக் காரணம் உண்டு. பயிற்சி பெற்றவர் பணி மாறுவார், பயிற்சி பெறாதவர் அந்த இரவுக்கு மட்டும் வேறு வார்டிலிருந்து வருவார், பயிற்சி பெற்றவரே இருந்தாலும் தொடர்ந்து பன்னிரண்டாவது மணி நேரத்தில் நிற்பார்.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக் காட்டுவது 2006இல் கனடாவின் எட்மண்டன் நகரப் புற்றுநோய் மையத்தில் நடந்தது. ஃப்ளூரோயூராசில் என்ற மருந்து 4 நாட்களுக்கு மெல்ல மெல்ல ஏற வேண்டும். அதற்காக இடுப்பில் கட்டிக்கொள்ளும் சிறு பம்ப். பம்புக்கு மணிக்கு இத்தனை மில்லி என்று சொல்ல வேண்டும். மருந்துப் பையின் லேபிளில் இரண்டு எண்களும் இருந்தன: 24 மணி நேரத்துக்கு 28.8 மில்லி, மணிக்கு 1.2 மில்லி. செவிலியர் கணக்குப் போட்டபோது நாட்களால் வகுத்தார், 24ஆல் வகுப்பது விடுபட்டுவிட்டது. 28.8 என்று விடை வந்தது. லேபிளைப் பார்த்தார், 28.8 அங்கே இருந்தது. இரண்டாவது செவிலியரும் சரிபார்த்தார்; அவருக்கும் அதே எண்ணை லேபிள் காட்டியது. பம்ப் அந்த எண்ணை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டது. 4 நாள் மருந்து 4 மணி நேரத்தில் ஏறிவிட்டது. அந்த நோயாளி சில வாரங்களில் இறந்தார். மருந்துப் பயன்பாட்டின் பாதுகாப்பைக் கவனிக்கும் ஐஎஸ்எம்பி கனடா அமைப்பு இதைத் தீர ஆராய்ந்து 2007இல் அறிக்கை வெளியிட்டது.

உங்கள் பேராசிரியரிடம் இதைக் காட்டிக் கேளுங்கள். இருவரும் பயிற்சி பெற்றவர்கள். இருவரும் விதிப்படி சரிபார்த்தார்கள். சரிபார்ப்பதற்கென்று அச்சிட்ட லேபிளே தவறான எண்ணுக்குச் சாட்சி சொல்லியது. இதில் எந்த இடத்தில், யாருக்கு, எந்தப் பயிற்சியைக் கூடுதலாகக் கொடுத்திருப்பார்? லேபிளில் பம்புக்குத் தேவையான அந்த ஓர் எண் மட்டும் இருந்திருந்தால், அல்லது பம்ப் ‘இந்த மருந்துக்கு இவ்வளவு வேகமா’ என்று ஒரு முறை நிறுத்திக் கேட்டிருந்தால் என்பதே எங்கள் துறை கேட்கும் கேள்வி.

2024 பிப்ரவரி 11

அன்றாட வேலை எப்படி இருக்கும் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

ஒரு புதிய கருவி தொடங்கும்போது முதல் சில வாரங்கள் மருத்துவமனையில் நிற்பதிலேயே போகும். யார் பயன்படுத்துகிறார்கள், எந்த வெளிச்சத்தில், எத்தனை அலாரங்களுக்கு நடுவில், கையுறையோடா இல்லாமலா என்பதையெல்லாம் எழுத வேண்டும். பின்னர் ஒவ்வொரு பணியையும் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் என்ன தவறு நேரலாம், நேர்ந்தால் நோயாளிக்கு என்னவாகும் என்று அட்டவணை போட வேண்டும். அந்த அட்டவணை சில கருவிகளுக்கு ஐந்நூறு வரிகளைத் தாண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் யாருக்கும் தோன்றாத ஒரு வரியை அதில் கண்டுபிடிக்கும் நாள் மறக்காது. அதன்பின், அட்டையில் செய்த மாதிரியிலிருந்து தொடங்கி, வடிவம் உருவாகும்போதே ஐந்து பேர், எட்டுப் பேர் என்று சிறு குழுக்களாக அழைத்துச் சோதனைகள். எல்லாம் முடிந்து கருவி இறுதி வடிவத்துக்கு வந்ததும் ஒரு பெரிய சோதனை. அதற்கு அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி குறைந்தது பதினைந்து பேர் வேண்டும்.

அந்த இறுதிச் சோதனையைச் சற்று விவரிக்கிறேன். வார்டு போலவே ஓர் அறையைத் தயார் செய்வோம்: கட்டில், பொம்மை நோயாளி, டிரிப் ஸ்டாண்டு, பக்கத்தில் வேண்டுமென்றே ஓயாமல் ஒலிக்கும் வேறொரு மானிட்டர். செவிலியர் ஒருவரை அழைத்து, மருத்துவர் எழுதிய ஆர்டரைக் கொடுத்து, வழக்கம்போலச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு நான் சுவரோரம் போய் நின்றுவிடுவேன். ஒரு முறை ஒருவர் ‘பர்ஜ்’ பொத்தானை ‘போலஸ்’ என்று நினைத்து அழுத்தப் போனார். முன்னது குழாயிலுள்ள காற்றை வெளியேற்ற. அழுத்துமுன் குழாயை நோயாளியிடமிருந்து கழற்றியிருக்க வேண்டும். பின்னது நோயாளிக்கு ஒரே தடவையில் மருந்து கொடுக்க. அவருடைய கட்டைவிரல் பொத்தானின் மேல் ஒரு நொடி நின்றது. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். நான் புருவத்தைக்கூட அசைக்கக் கூடாது. உதவி செய்துவிட்டால் அந்தச் சோதனை செல்லாது. அவர் அழுத்திவிட்டார். சோதனை முடிந்த பிறகு, “அந்த நேரத்தில் உங்கள் மனத்தில் என்ன ஓடியது?” என்று கேட்டேன். “ரெண்டு பொத்தானும் ஒரே மாதிரி இருக்கு சார், ரெண்டுக்கும் பச்சை நிறம்” என்றார். மூன்று மாத விவாதத்தில் வடிவமைப்புக் குழு ஏற்க மறுத்த ஒன்றை அந்த ஒரே வாக்கியம் ஏற்க வைத்தது.

2024 பிப்ரவரி 12

மேலே ‘குறைந்தது பதினைந்து பேர்’ என்று எழுதியது முழுமையில்லை. பதினைந்து என்பது ஒவ்வொரு பயனர் குழுவுக்கும். ஒரே பம்பை ஐசியூ செவிலியரும், வீட்டில் வைத்துப் பராமரிக்கும் உறவினரும், நோயாளியும் கையாள்வார்கள் என்றால் அவர்கள் மூன்று தனிக் குழுக்கள். 45 பேர் வேண்டும். திட்டச் செலவைக் கணக்கிடும்போது இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வேலைக்கான நேர்காணலில் இதைக் கேட்பார்கள், நினைவில் வையுங்கள்.

2024 பிப்ரவரி 18

எங்கே படிப்பது என்ற கேள்விக்கு.

இந்தப் பெயரிலேயே இளநிலைப் படிப்பு நம் நாட்டில் தேட வேண்டாம். பயோமெடிக்கல், தொழிற்சாலைப் பொறியியல், வடிவமைப்பு, உளவியல், செவிலியம் என்று எந்த வழியிலும் உள்ளே வரலாம். ஐஐடி குவாஹாத்தியின் வடிவமைப்புத் துறையில் எர்கோனாமிக்ஸ் (மனித உடலுக்கும் வேலைக்கும் ஏற்ற வடிவமைப்பு) வலுவானது. ஐஐடி பம்பாயின் ஐடிசி வடிவமைப்புப் பள்ளி, அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் (என்ஐடி), பெங்களூரு ஐஐஎஸ்சியின் வடிவமைப்புத் துறை ஆகியவையும் உண்டு. நம் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஐஐடி மெட்ராஸும் வேலூர் சிஎம்சியும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்டெக். அது மனிதக் காரணிப் படிப்பு இல்லை என்றாலும், மாணவர்களை மருத்துவமனைக்குள் கொண்டுபோய் நிறுத்துகிறது. அதை வகுப்பறையில் கற்பிக்கவே முடியாது.

வெளிநாடு என்றால் அமெரிக்காவில் டஃப்ட்ஸ், விஸ்கான்சின்-மேடிசன், பிரிட்டனில் லஃப்பரோ ஆகிய பல்கலைக்கழகங்களை இந்தத் துறையினர் நன்கு அறிவார்கள். பணம் இருந்தால் அங்கே போவதே நேர்வழி.

வேலை எங்கே என்றால், பெங்களூரு, ஹைதராபாத், புனே, சென்னை ஆகிய ஊர்களில் உள்ள பன்னாட்டுக் கருவி நிறுவனங்களின் ஆய்வு மையங்களில்தான் பெரும்பாலும். பதவிப் பெயர் ‘ஹியூமன் ஃபேக்டர்ஸ் இன்ஜினியர்’ என்றோ ‘யூசபிலிட்டி இன்ஜினியர்’ என்றோ இருக்கும். இடங்கள் குறைவு என்பதை மறைக்க மாட்டேன். ஐடி போல ஒரே நாளில் நூறு பேரை எடுக்கும் துறை இதுவல்ல. ஒரு பெரிய மையத்திலேயே இந்த வேலை செய்பவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்காரும் அளவுக்குத்தான் இருப்பார்கள். உள்நாட்டு நிறுவனங்களிலும் தேவை வளர்ந்து வருகிறது. நம் மருத்துவக் கருவிகள் விதிகள் 2017இல் வெளியாகி 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அபாய ஆய்வு ஆவணம் இல்லாமல் உரிமத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. அந்த ஆவணத்தை உண்மையாக எழுத வேண்டுமானால் எங்களைப் போன்ற ஒருவர் வேண்டும்.

2024 பிப்ரவரி 19

‘வெளிநாடு போவதே நேர்வழி’ என்று நேற்று எழுதியது இரவெல்லாம் உறுத்தியது. அதைத் திரும்பப் பெறுகிறேன்.

என்னோடு பணியாற்றியவர்களில் மிகக் கூர்மையானவர் வெளிநாடு போகாதவர். ஐந்து ஆண்டுகள் மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்த்துக் கொண்டிருந்தவர். எந்தத் திருகு அடிக்கடி தொலைகிறது, எந்த ஒயரைச் சுத்தம் செய்பவர் எந்தப் பக்கம் இழுப்பார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தரநிலைகளை ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டார். தலைகீழாக, உயர்ந்த பட்டத்தோடு வந்த ஒருவருக்கு வார்டில் எங்கே நிற்பது, யாரிடம் முதலில் பேசுவது என்று பழக ஓராண்டு ஆனது. கடன் வாங்கி வெளிநாடு போகும் நிலையில் இருக்கும் மாணவர் இதைப் படித்தால், முதலில் ஓராண்டு மருத்துவமனையில் வேலை பாருங்கள். அந்தச் சம்பளம் குறைவு, எனக்குத் தெரியும். அந்த ஓராண்டு கொடுக்கும் கண்ணைப் பிறகு எந்தப் பட்டமும் கொடுப்பதில்லை.

வார்டில் எதைப் பார்ப்பது என்று கேட்பீர்கள். மைக்ரோபோர் பிளாஸ்திரியைத் தேடுங்கள். கருவிகளின் மேல் சிஸ்டர்கள் ஒரு துண்டு மைக்ரோபோரை ஒட்டிப் பேனாவால் எதையாவது எழுதியிருப்பார்கள்: ‘இதை அழுத்தாதே’, ‘இடது பக்கம் திருப்பவும்’, ‘பேட்டரி நிற்காது’, ‘ஆஃப் செய்யும் முன் கூப்பிடவும்’. அவை ஒவ்வொன்றும், வடிவமைத்தவர் முடிக்காமல் விட்ட வேலையை இன்னொருவர் முடித்து வைத்ததன் அடையாளம். எங்கள் ஐசியூவின் பம்புகளில், நான் சொன்ன நிகழ்வுக்குப் பிறகு, அதே சிஸ்டர் ஒவ்வொன்றிலும் சிரிஞ்ச் பிராண்டின் பெயரை எழுதி ஒட்டினார். மெமோ வாங்கியவர் செய்த அந்த வேலைதான் அந்தக் கருவிக்கு நடந்த ஒரே வடிவமைப்புத் திருத்தம்.

2024 மார்ச் 2

திருநெல்வேலியில் 12 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கும் ஒரு சகோதரி, பொறியியல் படிக்காத தனக்கு இதில் இடம் உண்டா என்று கேட்டிருக்கிறார். நிச்சயமாக உண்டு. சோதனைகளை நடத்தவும், பணிப் பகுப்பாய்வை எழுதவும், பங்கேற்பாளர் சொன்னதற்கு உண்மைப் பொருள் என்ன என்று அறியவும் உங்களைவிடத் தகுதியானவர் கிடைப்பது அரிது. நீங்கள் கூடுதலாகக் கற்க வேண்டியது, கண்டதை ஆவணமாக எழுதும் முறையும் இரண்டு தரநிலைகளும். ‘இது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது’ என்று வார்டில் சொல்லிப் பழகிய வாய், ‘இது ஏன் இப்படி இருக்கிறது’ என்று கேட்கத் தொடங்க வேண்டும். அதுதான் சற்றுக் கடினம்.

அவர் இன்சுலின் சிரிஞ்ச் பற்றியும் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் என் பெரியம்மா நினைவுக்கு வந்தார். விருதுநகரில் இருக்கிறார், வயது எழுபதைக் கடந்துவிட்டது. நம் நாட்டில் இன்சுலின் குப்பிகளில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளதும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. 40க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். பெரியம்மாவுக்கு 40 யூனிட் குப்பி. ஒரு முறை கடையில் சிவப்பு மூடி இல்லையென்று ஆரஞ்சு மூடி கொடுத்தார்கள். அவர் எப்போதும்போல 30 என்ற கோடு வரை இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்தக் கோடு 0.3 மில்லி, அந்தக் குப்பியிலிருந்து அவர் உடலுக்குப் போனது 12 யூனிட். சர்க்கரை குறையவில்லை. மருத்துவர் 40 யூனிட்டாக உயர்த்தி எழுதினார். இரண்டு மாதம் கழித்துக் கடையில் சிவப்பு மூடி மறுபடி வந்தது. அன்றிரவு முதன்முதலாக உண்மையான 40 யூனிட் போனது. வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறிய அவருக்குப் பக்கத்து வீட்டுப் பெண் சர்க்கரையைக் கரைத்துப் புகட்டியதால் பிழைத்தார்.

மறுநாள் நான் போனபோது இரண்டு சிரிஞ்சுகளையும் ஓர் எவர்சில்வர் தட்டில் வைத்துப் பார்த்தேன். மூடியைக் கழற்றிவிட்டால் நிறமும் போய்விடும். கண்புரை நீக்கிய கண்ணுக்குக் கோடுகளின் இடைவெளி ஒன்றுபோலவே தெரியும். தவறான சிரிஞ்ச் அந்தக் குப்பியில் நுழையவே முடியாது என்றிருந்தால் இது நடந்திராது. அப்படிச் செய்ய முடியும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. இரத்தக் குழாயில் போட வேண்டிய மருந்தைத் தண்டுவடத்தில் செலுத்திவிடும் விபத்துகள் பல நாடுகளில் நடந்த பிறகு, ஐஎஸ்ஓ 80369 என்ற தரநிலை வரிசையில், தண்டுவட ஊசிகளுக்கும் உணவுக் குழாய்களுக்கும் ஒன்றோடொன்று பொருந்தாத தனித்தனி இணைப்புகளை வகுத்தார்கள். அங்கே கை தவறினாலும் பொருள் பொருந்தாது.

2024 மார்ச் 3

எதிர்த் திசையில் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் அது அரை மில்லி. உடலுக்குப் போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. உயிருக்கே ஆபத்து. வீட்டில் இன்சுலின் போடுபவர் இருந்தால் இன்றே குப்பியையும் சிரிஞ்சையும் சேர்த்து எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இத்தகைய நிகழ்வுகளை, மருத்துவக் கருவிகளால் நேரும் பாதிப்புகளைக் கண்காணிக்கும் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டத்துக்குத் தெரிவிக்கலாம். 2015 ஜூலையில் தொடங்கிய இத்திட்டத்தை காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்து நூல் ஆணையம் ஒருங்கிணைக்கிறது. மருத்துவர்தான் எழுத வேண்டும் என்பதில்லை. செவிலியரும் பயோமெடிக்கல் பொறியாளரும் எழுதலாம். 2012இல் எனக்கு அப்படி ஒரு வழி இருந்திருந்தால் எழுதியிருப்பேனா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த வயதில் எழுதியிருக்க மாட்டேன் என்றே தோன்றுகிறது.

2024 மார்ச் 17

இந்த வேலையின் வருத்தங்களையும் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் ஒரு பக்கத்தை மட்டும் காட்டியதாகும்.

பெரும்பாலான திட்டங்களில் எங்களைக் கடைசியில் அழைக்கிறார்கள். உறைக்கான அச்சு வெட்டியாகிவிட்டது, திரையின் அளவு முடிவாகிவிட்டது, இனி எதையும் மாற்ற முடியாது, ‘சோதனை அறிக்கை மட்டும் போதும்’ என்பார்கள். அந்த நிலையில் பெரிய தவறு ஒன்று தெரிந்தால் அதைச் சொல்வதற்குத் துணிவு வேண்டும். சொன்னபின் அதைத் தாங்கும் அளவுக்குச் சான்றும் வேண்டும். ‘எனக்குத் தோன்றுகிறது’ என்று பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள். பதினைந்து பேரில் நான்கு பேர் ஒரே இடத்தில் தடுமாறினார்கள், அவர்கள் சொன்ன காரணம் இது, நோயாளிக்கு நேரக்கூடிய தீங்கு இது என்று பேச வேண்டும். அப்படியும் சில முறை தோற்றிருக்கிறேன். ஒரு கருவியில் நான் எதிர்த்த ஒரு திரை அப்படியே சந்தைக்குப் போயிற்று. கையேட்டில் ஓர் எச்சரிக்கை வாசகம் சேர்த்ததோடு சரி. அந்தக் கருவியை ஏதாவது மருத்துவமனையில் பார்க்கும்போதெல்லாம், அந்தத் திரைமேல் மைக்ரோபோர் ஒட்டியிருக்கிறதா என்று என் கண் தானாகவே தேடுகிறது.

1978இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜெஃப்ரி கூப்பர் குழுவினர் மயக்க மருந்துப் பிரிவில் தடுத்திருக்கக்கூடிய 359 நிகழ்வுகளை ஆராய்ந்து, அவற்றில் 82 விழுக்காடு மனிதப் பிழை என்று வெளியிட்டார்கள். எங்கள் கூட்டங்களில் யாராவது இந்த எண்ணைச் சொல்லி, ‘பார்த்தீர்களா, கருவியின்மேல் பிழையில்லை’ என்று முடிப்பதுண்டு. அந்த நிகழ்வுகளில் அடிக்கடி வந்தவை எவை என்று பாருங்கள்: சுவாசக் குழாய் இணைப்பு கழன்றது, வாயுவின் அளவு கவனியாமல் மாறியது, சிரிஞ்ச் மாறிப்போனது. ஒன்றுபோலத் தோன்றும் சிரிஞ்சுகளும், கழன்றால் கத்தாத குழாய்களும் அந்த 82க்குள்தான் அடங்கியிருக்கின்றன.

இன்னொன்று. யூஎக்ஸ் நண்பர் ஒருவர் என் முதல் குறிப்பு தம் துறையைத் தாழ்த்துவதாக வருந்தி எழுதியிருக்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நேர்காணல் எடுக்கும் கலையையும் மாதிரி செய்யும் வேகத்தையும் நாங்கள் அவர்களிடமிருந்தே கற்றோம். யூஎக்ஸிலிருந்து இங்கே வர விரும்புபவர்கள் அபாய ஆய்வைக் கற்றுக்கொண்டு வாருங்கள்; கதவு திறந்தே இருக்கிறது.

2024 மார்ச் 24

அந்த சிஸ்டரிடம் பிறகு பேசினீர்களா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

2019இல் பேசினேன். அப்போது அவர் மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் இருந்தார். எண்ணைத் தேடிப்பிடித்து அழைத்து, அந்த வரியை எழுதியது நான்தான் என்றேன். அது தனக்கு அன்றே தெரியும் என்றார்; அறிக்கையின் கீழே என் கையெழுத்து இருந்ததாம். மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பற்றி எதுவும் சொல்லாமல், “இங்கே பம்ப் ஒவ்வொரு தடவையும் எந்த சிரிஞ்சுன்னு கேட்குது சார், நான் பதில் சொன்னாத்தான் ஓடுது” என்றார். அப்படி ஒன்று வந்துவிட்டதை அவர் என்னிடம் சொல்ல வேண்டும் என்று விரும்பினார் என்று புரிந்துகொண்டேன்.

2024 ஏப்ரல் 6

கேள்வி கேட்ட மாணவர் திரும்ப எழுதியிருக்கிறார். அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு மருத்துவமனையின் ஐசியூவில் மூன்று மணி நேரம் நின்றாராம். பதினொரு இடங்களில் மைக்ரோபோர் கண்டாராம். வென்டிலேட்டர் ஒன்றின் ஸ்டாண்ட்பை பொத்தானுக்கு மேல், ‘2 செகண்ட் அழுத்தவும், விடாதே’ என்று நீல மையில் எழுதியிருந்ததாம். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்.

அந்தப் பதினொன்றையும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதுங்கள். நோயாளி யாரும் படத்தில் வராமல், அனுமதி கிடைத்தால் மட்டும் படம் எடுங்கள். இல்லையென்றால் கையால் வரைந்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று வரி இடம் விடுங்கள்: யார் எழுதியது, எப்போது எழுதியது, எழுதுவதற்கு முந்தைய நாள் என்ன நடந்தது. மூன்றாவது வரிக்கான பதிலை யாரும் உடனே சொல்ல மாட்டார்கள், வற்புறுத்தாதீர்கள். வென்டிலேட்டர் குறிப்பை எழுதியவர் இந்த மாதம் இரவுப் பணியில் இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறீர்கள். இரவு பதினொரு மணிக்கு மேல், மருந்து கொடுக்கும் சுற்று முடிந்தபின் போங்கள். அவர் உட்கார்ந்திருந்தால் மட்டும் பேசுங்கள்.